முள்ளம்பன்றி அணியின் நாய்

பதின்மூன்று வயது முடிவதற்குள் மார்னி கோஸ்கெலா இருபத்திரண்டு சாரணர் பதக்கங்களுக்கான வேலைகளை ஒன்று விடாமல் செய்து முடித்திருந்தாள். கையில் வந்து சேர்ந்த பதக்கங்கள் பூஜ்யம்.

காரணம் எளிது. கிரானைட் பே ஊரின் 214ஆம் சாரணர் படை பையன்களுக்கானது. மார்னி பையன் இல்லை. இரண்டாவதை மாற்ற அவளுக்கு உத்தேசமில்லை. முதலாவதை மாற்ற மற்றவர்களுக்கு உத்தேசமில்லை.

எல்லாம் அவள் அம்மா கார்லாவின் வேலையால் வந்த வினை. கார்லா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் கூடைப்பந்து அணியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். ஆகவே இரட்டைப் பிள்ளைகள் இரண்டையும் தேவாலயத்தின் நிலவறையில் இறக்கிவிட்டுப் போவாள். வெஸ் சாரணர் வரிசையில் போய் நிற்பான். மார்னிக்குச் சூடேற்றியின் பக்கத்தில் ஒரு நாற்காலி. முதல் மாதம் வீட்டுப்பாடம் எழுதினாள். இரண்டாம் மாதம், பத்தடி தள்ளித் தம்பி ஒரே முடிச்சைப் பதினோரு தடவை தப்பாகப் போடுவதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் எழுந்து போய்ப் போட்டுக் காட்டினாள். (வெஸ் அவளைவிட ஒன்பது நிமிடம் இளையவன். இந்த ஒன்பது நிமிடத்தை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. அவனையும் மறக்க விட்டதில்லை.) அதற்குப் பிறகு அவள் நாற்காலிக்குத் திரும்பவில்லை.

படைத்தலைவர் ரே நீமி டயர்க் கடைக்காரர். நல்ல மனிதர். மார்னியைச் சோதிப்பார், தப்பைத் திருத்துவார், சரியாகச் செய்தால் தலையாட்டுவார். அட்டையில் கையெழுத்து மட்டும் போடமாட்டார்.

"போட்டா என் தலைய எடுத்துடுவாங்கம்மா. மாவட்டத்துல அந்த பெர்க்விஸ்ட் ஒவ்வொரு அட்டையையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பான்."

ஆகவே மார்னியின் ஆசை சுருங்கிச் சுருங்கி ஒரே ஒரு காகிதத்தில் வந்து நின்றிருந்தது. பிப்ரவரியில் ஏரிக்கரையில் நடக்கும் பனிவண்டிப் பந்தயத்தில் ஓடி முடிப்பவர்களுக்கு அங்கேயே, அந்த நிமிடமே, பெயர் எழுதிக் கொடுக்கும் உறைபனிச் சான்றிதழ். பதக்கம்கூட வேண்டாம். சாரணர் முத்திரை போட்ட ஒரு காகிதத்தில் தன் பெயர். அது போதும்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, முள்ளம்பன்றி அணியில் காய்ச்சல் புகுந்தது. இரண்டு பையன்கள் படுத்துவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேர். அணித்தலைவன் வெஸ் சமையலறை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ஆறு பேர் இல்லாம வண்டிய கோட்டுல நிறுத்தவே விடமாட்டாங்க. முடிஞ்சுது. சனிக்கிழமை வீட்ல உக்காந்து டிவி பாப்போம்."

"நான் ஒண்ணரை ஆளு," என்றான் ஓட்டோ மாகி. அவன் அந்த வீட்டுக்கு வருவதே குளிர்சாதனப் பெட்டிக்காகத்தான். "எடை போட்டுக் காட்டுறேன். கணக்குல எடுத்துக்கச் சொல்லு."

எதிரே உட்கார்ந்திருந்த மார்னி பந்தய விதி நூலைப் படித்தபடி, உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்த பாஸ்டி தின்றுகொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு பக்கம். அதை முழுவதும் படித்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர்: எழுதியவர், அச்சடித்தவர், மார்னி.

"பதினேழாவது விதி," என்றாள், வாயில் உருளைக்கிழங்கோடு. "அணியில ஒரு ஆள் குறைஞ்சா, அந்த இடத்துல ஒரு நாயப் பூட்டி இழுக்கலாம். எல்லா வகையிலும் அந்த நாய் ஒரு உறுப்பினரா மதிக்கப்படும்."

"நிஜமாவா?"

"தடுப்பூசிச் சீட்டு காட்டணும். அவ்வளவுதான்."

வெஸ் தலையைத் தூக்கினான். "ஓட்டோ, உங்க வீட்ல ஒரு நாய் இருக்குல்ல?"

"அதுக்குப் பதினாலு வயசுடா. வண்டியில ஏத்தி நாமதான் இழுக்கணும்."

"நான் வரேன்," என்றாள் மார்னி.

"நீ எப்படி வருவ?"

"நாயா."

ஓட்டோ குளிர்சாதனப் பெட்டியின் கதவை மூடிவிட்டுத் திரும்பினான்.

"குலைப்பியா?" என்றான் ஓட்டோ.

"குலைக்கணும்னு விதியில இல்ல. பாத்துட்டேன்."

படிவத்தை அவளே நிரப்பினாள். பெயர்: மார்னி. வயது: பதின்மூன்று. நிறம்: பழுப்பு முடி. இனம்: ஃபின்லாந்து, பாதி கார்னிஷ். பழக்கப்பட்டதா: ஆம். கடிக்குமா: இதுவரை இல்லை. கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி. மற்ற எந்தப் பெண்ணும் இந்த இடத்தில் தோற்றிருப்பாள். ஆனால் போன ஆகஸ்டில் மார்னியின் படுக்கையறைக்குள் ஒரு வௌவால் புகுந்து, இரவு முழுக்க அவள் தலைக்கு மேல் தொங்கிவிட்டுப் போயிருந்தது. டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு ஊசி குத்தினார். அன்றைக்கு அவள் அழுத அழுகை ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. இன்றைக்கு அந்தச் சீட்டை இஸ்திரி போடாத குறையாக நீவி எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை டயர்க் கடையில் ரே நீமி படிவத்தை இரண்டு தடவை படித்தார். பின்பக்கம் போனார். அங்கிருந்து டயர் அடுக்கு ஒன்று சரிந்த சத்தம் வந்தது. திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுங்களுக்குக் கையெழுத்து போடக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க," என்றார். "நாய்க்குப் போடக் கூடாதுன்னு யாரும் சொல்லல." போட்டார்.

கார்லாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"எம்பொண்ண நாய்னு எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கிறியாடா?" என்று வெஸ்ஸின் காதைப் பிடித்தாள்.

"அம்மா, நானேதான் எழுதினேன்," என்றாள் மார்னி.

"இனம்ங்கிற இடத்துல என்ன போட்ட?"

"ஃபின்லாந்து, பாதி கார்னிஷ்."

"உங்கப்பன் பக்கத்தையும் விடல." கார்லா காதை விட்டாள். "சரி, காது மூடுற தொப்பியப் போட்டுக்க. நாளைக்கு பூஜ்யத்துக்குக் கீழ எட்டாம்."

சனிக்கிழமை காலை ஏரிக்கரையில் பதினொரு அணிகள், பதினொரு வண்டிகள். பழைய பனிச்சறுக்குக் கட்டைகளின் மேல் பலகை அடித்து, முன்னால் கயிறு கட்டிய வண்டிகள். நாய்கள் இழுக்க வேண்டிய இடத்தில் பையன்கள் இழுப்பார்கள். இதற்குப் பெயர் வீர விளையாட்டு. வழியில் ஆறு நிலையங்கள். ஒவ்வொன்றையும் 'ஊர்' என்பார்கள். நடத்துபவர் அந்த ஊரின் 'மேயர்'. மேயர் சொல்லும் வேலையைச் செய்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். மேயருக்குத் தின்பண்டம் லஞ்சமாகக் கொடுப்பது வழக்கம். உண்மை, நேர்மை என்று வாரந்தோறும் கையை உயர்த்திச் சத்தியம் செய்யும் ஓர் இயக்கம் வருடத்துக்கு ஒருநாள் இப்படி மூச்சு விட்டுக்கொள்ளும். முள்ளம்பன்றி அணி இரண்டு பொட்டலம் மான் உப்புக்கண்டம் கொண்டுவந்திருந்தது.

பதிவு மேசையில் பந்தயத் தலைவர் டெல் பெர்க்விஸ்ட். ஊரின் நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை. ஒரு காகிதத்தை அவர் முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் படிப்பார் என்று பேச்சு. படிவத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"நாய் எங்க?"

"இங்க சார்."

அவர் மார்னிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "எங்க?"

"நான்தான் சார்."

பெர்க்விஸ்ட் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார். மார்னி அப்படியேதான் இருந்தாள்.

"இது நாய்க்கான படிவம்மா."

"ஆமா சார். அதான் அதுல எழுதினேன்."

"நீ பொண்ணு."

"பொண்ணுங்களுக்குப் படிவம் இல்ல சார். மூணு வருஷமா கேட்டுப் பாத்துட்டேன்."

"ஊசிச் சீட்டு..." என்று ஆரம்பித்தவரின் கையில் சீட்டு விழுந்தது.

"நாலு ஊசி. ஆஸ்பத்திரி முத்திரை இருக்கு. இங்க நிக்கிற பசங்கள்ல வேற யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க."

பின்னால் வரிசை பொறுமை இழந்தது. "டெல், சீக்கிரம்யா! கால் விரலு கழண்டு விழுது!"

பெர்க்விஸ்ட் விதி நூலைத் திறந்தார். சாரணர் என்றால் யார் என்று அதில் மூன்று பக்கம் எழுதியிருந்தது. நாய் என்றால் என்ன என்று ஒரு வரிகூட இல்லை. நாய் எது என்பது எல்லோருக்கும் தெரியும் என்று எழுதியவர் நம்பியிருந்தார். பெர்க்விஸ்டின் காது நுனிகள் சிவந்தன. குளிரால் என்று மார்னி நினைத்துக்கொண்டாள். பிறகு அவர் விரல் ஒரு வரியில் நின்றது. முகத்தில் சிரிப்பு வந்தது.

"பதினேழு, இ. 'புறப்பட்டதிலிருந்து முடிவுக்கோடு வரை நாயை வண்டியிலிருந்து அவிழ்க்கக் கூடாது.' சம்மதமா?"

"சம்மதம் சார்."

"முடிவுல சான்றிதழ் கிடையாது. நாய்க்கு ஒரு பாக்கெட் பிஸ்கட். அதான் வழக்கம்."

"முப்பத்தோராவது விதி சார்," என்றாள் மார்னி. "'ஏதாவது ஒரு ஊரின் வேலையைத் தன் கையால் செய்து முடித்த உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் உண்டு.' நாயும் உறுப்பினர்தான்னு பதினேழு சொல்லுது."

பெர்க்விஸ்ட் நாற்காலியில் சாய்ந்தார். "சரி. மேயர் யாராவது சம்மதிச்சு, ஒரு நாய் தன் கையால ஒரு வேலைய முடிச்சுக் காட்டட்டும். பேனா மூடிய நானே கழட்டி வைக்கிறேன்."

வெஸ் அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். "இறுக்கமா இருக்கா?"

"முடிச்சு தப்பா இருக்கு. விடு, நான் போட்டுக்கிறேன்."

கொம்பு ஊதியது.

ஓடினார்கள். பனி முழங்கால் வரை. மூச்சு வெளியே வந்தவுடன் இமையில் உறைந்தது. முன்னால் மார்னியும் வெஸ்ஸும், நடுவில் மூன்று பேர், பின்னால் வண்டியைத் தள்ளியபடி ஓட்டோ ஒண்ணரை ஆளாக. மூன்று வருடம் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்த பந்தயம். இப்போது காலுக்கடியில் நொறுங்கிக்கொண்டிருந்தது.

முதல் ஊரில் கால் ஒடிந்தவனுக்குக் கட்டுப் போட வேண்டும். "நான் போடட்டுமா சார்?" என்றாள் மார்னி. மேயர் அவள் இடுப்புக் கயிற்றைப் பார்த்தார், படிவ நகலைப் பார்த்தார். "எனக்கு எதுக்கும்மா வம்பு. பசங்களே போடட்டும்." இரண்டாம் ஊரில் திசைகாட்டி. "நாய் உக்காரட்டும்," என்றார் மேயர். மார்னி உட்காரவில்லை. வெஸ் திசையைத் தப்பாகப் படித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் ஊரில் லஞ்சத்தை வாங்கிக்கொண்டு 'இல்லை' என்றார்கள். நான்காம் ஊரில் லஞ்சம் வாங்காமலே 'இல்லை' என்றார்கள். ஐந்தாம் ஊரின் மேயர் அவளுக்கு ஒரு குச்சியைத் தூக்கிப் போட்டு, "எடுத்துட்டு வா பாப்போம்!" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓட்டோ அந்தக் குச்சியை எடுத்துப் போய் அவர் சூடான கோகோ கோப்பைக்குள் செருகிவிட்டு வந்தான். அதற்காக அணிக்கு இரண்டு நிமிடம் அபராதம்.

"அதுக்கு ரெண்டு நிமிஷம் தாராளமாக் குடுக்கலாம்," என்றான் ஓட்டோ.

ஆறில் ஐந்து போயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் ஓர் இறக்கம்.

அந்த இறக்கத்தில் எல்லா அணிகளும் வண்டிக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்குவார்கள். முள்ளம்பன்றி அணியும் அப்படித்தான் திரும்பியது. ஆனால் பாதி திரும்புவதற்குள் ஓட்டோ வழுக்கினான். அவன் வழுக்கினால் சின்ன விஷயமில்லை. வண்டி தன்பாட்டில் கிளம்பியது. "விடு, விடு!" என்று கத்திக்கொண்டு நான்கு பையன்களும் கயிற்றை விட்டார்கள். மார்னியால் விட முடியாது. அவளைத்தான் கட்டியிருந்ததே.

கயிறு விறைக்கும்முன் அவளுக்கு அரை விநாடி கிடைத்தது. பக்கவாட்டில் வந்த வண்டியின் மேல் வயிறு படியப் பாய்ந்து விழுந்தாள். அதற்குப் பிறகு நடந்தது பயணம் இல்லை, பறப்பு. காற்று கன்னத்தைச் சீவியது. வலது பூட்சைப் பனியில் ஊன்றினால் வண்டி வலப்பக்கம் திரும்பியது. இடதை ஊன்றினால் இடப்பக்கம். ஒரு மரத்தைத் தாண்டினாள். இன்னொன்று அவளைத் தாண்டவிட்டது. கீழே கழுகு அணி கயிற்றைப் பிடித்துப் பூனை நடை நடந்துகொண்டிருந்தது.

"வழி! வழி! வழி!"

கழுகு அணி இரண்டு பக்கமும் பனிக்குள் குதித்தது. "ஏய், அது நாய்தானே?" என்று ஒருவன் கேட்டது காதில் விழுந்து பின்னால் போயிற்று. மார்னி சிரித்தாள். வாயெல்லாம் பனி. அடிவாரத்தில் வண்டி ஒரு பெரிய அரைவட்டம் போட்டு, ஆறாம் ஊரின் பலகைக்கு ஐந்தடி முன்னால் ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றது.

ஆறாம் ஊர், தீ. மேயர் கேரி பெல்ட்டோ, மரம் வெட்டுபவர், ஆள் பீரோ மாதிரி இருப்பார். பையன்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். வேலை இதுதான்: முழங்கால் உயரத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு சணல் நூல். கீழே தீ மூட்டி அந்த நூலை எரிக்க வேண்டும். கிடப்பதெல்லாம் ஈர விறகு. அணிக்கு மூன்றே தீக்குச்சி.

"நான் செய்யட்டுமா சார்?" என்றாள் மார்னி, ஆறாவது தடவையாக.

"முதல்ல பசங்க பாக்கட்டும்," என்றார் பெல்ட்டோ, உப்புக்கண்டப் பொட்டலத்தைப் பிரித்தபடி.

முதல் குச்சியை ஏரிக்காற்று வெஸ்ஸின் கைக்குள்ளேயே ஊதி அணைத்தது. இரண்டாவது ஈரச் சுள்ளியில் கொஞ்சம் புகைந்தது, ஓட்டோ ஆர்வத்தில் குனிந்து ஊதியபோது அவன் தொப்பியிலிருந்த பனி கொத்தாக அதன்மேல் விழுந்தது.

மிச்சம் ஒரு குச்சி. அதற்குள் கழுகு அணியும் வந்து பக்கத்துக் குழியில் வேலையை ஆரம்பித்திருந்தது. வெஸ் குச்சியைப் பார்த்தான். அணித்தலைவன் மூட்டுவதுதான் வழக்கம். இந்தத் தீ அவனுடைய அடுத்த சாரணர் நிலைக்கும் கணக்கில் வரும். பிறகு மார்னியைப் பார்த்தான்.

"மேயர் சார். இத எங்க நாய்கிட்ட குடுக்கப் போறேன்."

"ஏய் வெஸ்," என்றாள் மார்னி.

"பேசாதடி. எனக்கு வராது. வீட்ல அடுப்பையே நீதான் பத்த வைக்கிற."

பெல்ட்டோ மெல்லுவதை நிறுத்தினார். "நீங்க உப்புக்கண்டம் குடுத்தது நான் கொஞ்சம் நேரம் கூட்டிக் குடுக்க. நாய்க்குத் தீக்குச்சி குடுக்க இல்ல. எந்த விதியில வந்துருக்கா இவ?"

"பதினேழு சார்."

"பதினேழா!" பெரிய முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "அந்த விதி எனக்கு நல்லாத் தெரியும். ரொம்ப நல்லாத் தெரியும். குடு. பாப்போம்."

மார்னி குழியை நோக்கி நடந்தாள். பாதியில் கயிறு இழுத்து நிறுத்தியது. இன்னும் ஆறடி வேண்டும். அவிழ்த்தால் எல்லாம் போச்சு. பின்னால் இயந்திர உறுமல் கேட்டது. பெர்க்விஸ்ட் பனிமோட்டாரில் வந்து இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மார்னி கயிற்றைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். காற்று வந்த திசையைப் பார்த்தாள்.

"வண்டிய இழுத்துட்டு வாங்கடா! இங்க, குழிக்கு இந்தப் பக்கம். இப்பச் சாய்ச்சு நிறுத்துங்க. ஓட்டோ, பின்னால உக்காந்து முட்டுக் குடு. அசையாத!"

"இதுக்காகத்தான் நான் பொறந்தேன்," என்றான் ஓட்டோ.

சாய்ந்து நின்ற வண்டி சுவர் மாதிரி ஏரிக்காற்றை மறைத்தது. ஓட்டோ மிச்சத்தை மறைத்தான். மார்னி ஈரச் சுள்ளிகளை அள்ளி எறிந்துவிட்டுப் பனியின் மேல் இரண்டு தடிக் கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினாள். தீ பனியில் உட்காரக் கூடாது. ஒரு விறகைக் கோடரியால் பிளந்து, ஈரம் ஏறாத நடுப்பகுதியைக் கத்தியால் சீவினாள். சுருள் சுருளாக, உதிராமல். கையுறையைக் கழற்றினாள். விரல்கள் முதலில் எரிந்தன, பிறகு யாருடையவோ ஆகிவிட்டன. பிர்ச் மரப்பட்டையைப் பிரித்துப் பிரித்து வெங்காயத்தோல் கனத்துக்குக் கொண்டுவந்தாள்.

"மார்னி, சீக்கிரம்! அவங்களுக்குப் புகை வந்துடுச்சு!"

"புகை நூல எரிக்காது."

ஐந்து நிமிடம் ஆயிற்று. கழுகு அணியின் புகை கறுத்து அணைந்தது. மார்னி குச்சியை உரசி, இரண்டு கையாலும் பொத்தி, பட்டையின் ஓரத்தில் வைத்தாள். ஒரு நீலப் பொட்டு. அது யோசித்தது. போகலாமா வேண்டாமா என்று ஓரமாக நடந்தது. பிறகு பட்டை சிடுசிடுவென்று சுருண்டு பற்றிக்கொண்டது. சுருள்கள் பிடித்தன. சுள்ளி பிடித்தது. தீ எழுந்து, நூலைத் தொட்டு, விட்டு, மறுபடி தொட்டது.

நூல் அறுந்தது.

ஓட்டோ "ஊ!" என்று குதித்ததில் வண்டி சாய்ந்து அவன் மேலேயே விழுந்தது. பெல்ட்டோ பதிவேட்டில் பெரிய எழுத்தில், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "தீ. மூட்டியது, மார்னி, நாய். ஏழு நிமிஷம், பத்து விநாடி." பிறகு வேலையை உதவியாளரிடம் விட்டுவிட்டுக் கோட்டை மாட்டினார். "முடிவுக்கோட்டுக்கு நானும் வரேன். நாப்பது வருஷமாச்சு, இதப் பாக்காம இருப்பனா."

நான்காவதாக வந்தார்கள். கோட்டைத் தாண்டியதும் மார்னி கயிற்றை அவிழ்த்துவிட்டு மேசை முன்னால் போய் நின்றாள். பெர்க்விஸ்ட் ஐந்து சான்றிதழ் எழுதினார். ஐந்து பையன்கள் வாங்கிக்கொண்டார்கள். ஆறாவதாக ஒரு பிஸ்கட் பாக்கெட்டை மேசையில் வைத்தார்.

"சார், என் கையால முடிச்சேன். பதிவேட்டுல இருக்கு."

"இருக்கு. ஆனா பந்தயத் தலைவருங்கிற முறையில ஒரு விதி தப்பா எழுதப்பட்டிருக்குன்னு தோணினா, ஆரம்பத்துலேர்ந்தே அது செல்லாதுன்னு அறிவிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. பதினேழ..."

"அறிவி டெல்," என்றார் பெல்ட்டோ பின்னாலிருந்து, தேன் மாதிரி. "ஆரம்பத்துலேர்ந்தே செல்லாதுன்னு சத்தமாச் சொல்லு. நாளைக்கே உன் அலுவலக ஜன்னல்ல இருக்கிற கோப்பைய நான் வந்து எடுத்துக்கிறேன்."

பெர்க்விஸ்ட் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன கோப்பை?" என்றான் வெஸ்.

"எங்களுக்குப் பதிமூணு வயசு அப்ப. இவன் அணியில அஞ்சு பேருதான். இவனோட நாய் டியூக்க ஆறாவதாப் பூட்டிட்டு வந்து ஜெயிச்சான். ரெண்டாவது வந்தது நாங்க. நாய்கிட்ட தோத்த பசங்கன்னு ஊரே சிரிச்சுது. அடுத்த மாசம் இவங்கப்பா, அவருதான் அப்ப தலைவரு, பதினேழாவது விதின்னு ஒண்ணு எழுதி எல்லாத்தையும் சரியாக்கிட்டாரு. அந்த விதி போனா கோப்பை எங்களுது."

பெர்க்விஸ்டின் காதுகள் முழுதாகச் சிவந்திருந்தன. இந்த முறை அது குளிர் இல்லை என்று மார்னிக்குத் தெரிந்தது.

"டியூக் ஏமாத்தல," என்றார் அவர் மெல்ல. அவளிடமா, பெல்ட்டோவிடமா என்று தெரியவில்லை. "அவன் நிஜமா இழுத்தான். கடைசி மேட்டுல எங்க எல்லாரையும் சேத்து இழுத்தான்."

"நானும் நிஜமாத்தான் சார் இழுத்தேன்," என்றாள் மார்னி.

அவர் அவளைப் பார்த்தார். இமையில் பனி, கன்னத்தில் கரி, விரலெல்லாம் சிவப்பு. பின்னால் முள்ளம்பன்றி அணி முழுவதும், வாங்கிய சான்றிதழ்களை மேசை மேல் திரும்ப வைக்கத் தயாராக நீட்டிக்கொண்டு நின்றது. அது யாருடைய யோசனை என்று தெரியவில்லை. ஓட்டோ மட்டும் தன்னுடையதைக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்திருந்தான்.

பெர்க்விஸ்ட் ஆறாவது காகிதத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். மை உறைந்திருந்தது, பேனாவை வாய்க்குள் வைத்துச் சூடாக்கினார். எழுதினார்: மார்னி கோஸ்கெலா. பெயருக்குக் கீழே, பதினேழாவது விதி வந்த காலத்து மிச்சமாக, அச்சில் இருந்தது: 'சாரணர் / நாய். பொருந்தாததை அடிக்கவும்.' அவர் பேனா அந்த இடத்தில் நின்றது. முடிவுக்கோட்டில் இருந்த அத்தனை பேரும் கழுத்தை நீட்டினார்கள். காகிதத்துக்கே வலிக்குமோ என்பது மாதிரி, மெல்ல, ஒரே கோடாக, இரண்டாவது வார்த்தையை அடித்தார்.

கத்தல் ஏரிப் பனியில் மோதித் திரும்பி வந்தது. பெல்ட்டோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். வெஸ் அக்காவைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல், ஓட்டோவிடம் கொடுத்தான். பேருந்தை நிறுத்திவிட்டு ஓடிவந்த கார்லா, "என்ன ஆச்சு? கடிச்சுட்டாளா?" என்று கேட்டாள்.

மார்னிக்கு எதுவும் கேட்கவில்லை. காகிதத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். தன் பெயரை நான்கு தடவை. முத்திரையை ஒரு தடவை. கையெழுத்தை. பிறகு, கையில் கிடைத்த காகிதத்தை முழுவதும் படிக்கும் பழக்கம் விடாமல், பின்பக்கம் திருப்பினாள். அங்கே எறும்பு சைஸில் பத்து வரி. அவள் உதடுகள் அசைந்தன. கண்கள் அகலமாயின.

"சார்," என்றாள். "இந்தச் சான்றிதழ் வச்சிருக்கிற சாரணர் யாரா இருந்தாலும் ஜூலை மாசப் படகு முகாமுக்கு வரலாம்னு போட்டிருக்கே. இத நீங்க படிச்சிருக்கீங்களா?"

டெல் பெர்க்விஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையை நீட்டி, "குடு, பாப்போம்," என்றார்.

மார்னி கொடுக்கவில்லை. காகிதத்தைக் கோட்டுக்குள் வைத்துப் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டாள்.

"நான் வாசிக்கிறேன் சார். நீங்க கேளுங்க."